சம்பங்கி குடிக்காத மோர்

பங்காருபேட்டை டாக்டர் மமதா சொன்னதைக் கேட்டதும் சம்பங்கிக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது.

"கிருமியா? என்னைக் கிருமி தின்னச் சொல்றீங்களா?"

"நல்ல பாக்டீரியா சார். உங்க குடல்ல அது குறைஞ்சு போச்சு. இந்தப் பொடியில அதுவும் இருக்கு, அது தின்னு வளர்றதுக்கு நார்ச்சத்தும் இருக்கு. சின்பயாட்டிக்னு பேரு. தினம் மோர்ல கலந்து குடிங்க. சூட்டுல மட்டும் கலக்காதீங்க, செத்துடும். நிறைய பேருக்குச் சில வாரத்துல பலன் தெரியும்."

"பாத்தியா மங்கம்மா! கிருமிக்குக் கட்டுச்சோறு வேற கட்டி அனுப்புறாங்க!"

மனைவி மங்கம்மா பாக்கெட்டுகளைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் லிப்டை ஏற்றி இறக்கும் வைண்டிங் டிரைவராக இருந்தவர் சம்பங்கி. கேஜ் என்ற அந்த இரும்புக் கூண்டு நிறைய ஆட்களை ஏற்றி, பாதாளம் வரைக்கும் ஒரு குலுக்கல் இல்லாமல் இறக்கியவர். அவர் வயிற்றிலிருந்து மட்டும் எதுவும் இறங்க மாட்டேன் என்றது. வருஷக்கணக்காக. வீட்டில் இருப்பதோ ஒரே கக்கூஸ். விடியற்காலையில் அவர் உள்ளே போய்த் தாழ் போட்டால், ஒரு ஷிப்டு முடிந்துதான் வெளியே வருவார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் பவ்யா, கதவைத் தட்டித் தட்டியே ரயிலைக் கோட்டை விட்டாள்.

"நைனா! இன்னிக்கும் லேட்டுன்னா மேனேஜர் வேலைய வுட்டே தூக்கிடுவாரு!"

"மனுஷனை நிம்மதியா உக்கார வுடுறீங்களா? நீங்க தட்டுற தட்டுல வர்றதும் உள்ள ஓடிடுது!"

மகள் அழுததைப் பார்த்து மங்கம்மா பிடிவாதமானாள். தினம் காலையில் இரண்டு டம்ளர் மோர், ஒரு பாக்கெட் பொடி. "உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. கலக்கிக் குடிங்க" என்று வைத்துவிட்டு உள்ளே போவாள்.

சம்பங்கி கொதித்தார். தன் வயிற்றில், தன்னைக் கேட்காமல், கிருமியைக் குடிவைப்பதா? அவள் தலை மறைந்ததும் பொடியை அவளுடைய டம்ளரில் கொட்டி விரலால் கலக்கினார். தன் மோரை மடமடவென்று குடித்தார். "சே, இன்னா நாத்தம்!" என்று நடிப்பு வேறு. மங்கம்மா காலிப் பாக்கெட்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, தன் டம்ளரோடு சமையலறைக்குப் போவாள். 'குடி, நல்லாக் குடி' என்று மீசைக்குள் சிரித்துக்கொள்வார். மத்தியானம் அவள் கரைத்துத் தரும் ராகிக் கூழைச் சொம்போடு தூக்கிக் குடித்துவிட்டுத் தூங்குவார்.

சில வாரம் போனது. ஒரு நாள் உள்ளே போன சம்பங்கி, போன வேகத்தில் வெளியே வந்தார். மறுநாளும் அப்படியே. பவ்யா ரயிலில் ஜன்னலோர சீட் பிடித்துப் போனாள்.

மறுபடி டாக்டரிடம் போனார்கள்.

"பரவாயில்லையே, மருந்து வேலை செஞ்சிருக்கு" என்றார் மமதா.

சம்பங்கிக்குப் பொறுக்கவில்லை. மேஜையைத் தட்டினார்.

"மருந்தா? ஒரு சிட்டிகை கூட நான் தொடல! அத்தனையும் இவ டம்ளர்ல கொட்டினேன்! தானா சரியான வயித்துக்கு நீங்க பேரு வாங்குறீங்களா?"

டாக்டர் மங்கம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"அவர் கொட்டுனது வாஸ்தவம்தான் டாக்டர். ஆனா எனக்கு மோர் வாடையே ஆகாது. கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு வாய் குடிச்சதில்ல. இவரு இப்படித்தான் பண்ணுவாருன்னு தெரிஞ்சுதான் ரெண்டாவது டம்ளரே வெச்சேன். அந்த மோரை அப்படியே இவரு கூழ்ல ஊத்திக் கரைச்சிடுவேன். ஆறின கூழ்தான், சூடு இல்ல."

சம்பங்கி மேஜையிலிருந்து கையை எடுத்தார்.

"உனக்கு மோர் ஆகாதா? சொல்லவேயில்ல?"

"இத்தினி வருஷமா பக்கத்துல உக்காந்துதானே சாப்பிடுறீங்க?"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இன்னும் ஒரு மாதம் தொடரட்டும் என்றார்.

"அதுக்கு இன்னா டாக்டர்" என்றாள் மங்கம்மா. "இவரு என்னை ஏமாத்துறதை நிறுத்தாம இருந்தா போதும்."