கறுப்புக் குடையும் நான்கு நிமிடமும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உன் மகள் குட்டி மூன்று வாரமாக என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. தப்பு முழுக்க என்னுடையது. "எந்த வரனைச் சொன்னாலும் வேண்டாம்கிறா. உன் வீட்டுலதான் இருக்கா, உன் ஆபீஸ்லதான் வேலை பார்க்கிறா, என்னன்னு பாருடா" என்று போனில் சொன்னாயே, பார்த்துவிட்டேன். பார்ப்பதற்கு முன்பே கெடுத்தும் விட்டேன்.

எங்கள் ஆபீஸ் உனக்குத் தெரியும்: பஸ்ஸிலும் ரயிலிலும் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகிற பொருள்கள் வந்து சேரும் இடம். குட்டி மூன்றாம் கவுன்ட்டரில் உட்கார்ந்து, வந்தவர் சொல்லும் அடையாளத்தைக் கம்ப்யூட்டரில் தட்டித் தேடுவாள். உள்ளறையில் அந்த டேட்டாபேஸைக் கட்டி மேய்ப்பவன் நான். மூக்குக்கண்ணாடி, பல்செட், ஒற்றைச் செருப்பு, எதைக் கேட்டாலும் கண்மூடித் திறப்பதற்குள் பதில் வரும். கறுப்புக் குடை என்றால் மட்டும் நான்கு நிமிடம். வரிசை படியிறங்கித் தெருவுக்குப் போய்விடும். மேனேஜர் அம்மாள் என்னைக் கூப்பிட்டு, "இந்த மாசத்துக்குள்ள சரி பண்ணுங்க, இல்லேன்னா உங்களையும் அந்தக் குடைகளோட அலமாரில அடுக்கிடுவேன்" என்றார். அவர் சொன்னால் செய்கிற ஆள்.

டேட்டாபேஸ் எதையும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று தேடாது, அக்கா. எந்தப் பட்டியலை முதலில் திறப்பது, எதை எதோடு ஒப்பிடுவது, எத்தனை கிடைக்கும் என்று முன்கூட்டியே ஒரு பிளான் போட்டுக்கொள்ளும். காட்டு என்றால் அந்தப் பிளானைக் காட்டும். ஓட்டிப் பார்த்தே சொல் என்றால், தான் எதிர்பார்த்தது இத்தனை, நிஜத்தில் கிடைத்தது இத்தனை என்று இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டுக் கூச்சமே இல்லாமல் ஒப்புக்கொள்ளும். நம் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத குணம். கேட்டேன். எதிர்பார்த்த கறுப்புக் குடை: ஒன்று. கிடைத்தது: பன்னிரண்டாயிரத்து நானூறு! விசாரித்தால், ஒன்பது வருஷத்துக்கு முன் எனக்கு முந்தைய ஆள் சோதனைக்காகக் கறுப்பு உட்பட ஏழு நிறத்தில் ஏழு குடையைப் பதிந்து, டேட்டாபேஸை அதை எண்ணி வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இனி எண்ணுவது வீண்வேலை என்று எண்ணிக்கையையே நிறுத்தி வைத்திருக்கிறார். ஒரே ஒரு குடைதானே என்று நினைத்த டேட்டாபேஸ், எந்தப் பொருள் எப்போது வந்தது என்கிற வரவுப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒரு தடவை புரட்டினால் போதும் என்று கிளம்பியிருக்கிறது. குடைக்கு ஒரு தடவை வீதம் பன்னிரண்டாயிரத்து நானூறு தடவை புரட்டியிருக்கிறது, பாவம். மறுபடி எண்ணிக்கொள் என்று ஒரே ஒரு வரி தட்டினேன். புதுப் பிளானில் பதிவேட்டை ஒரு தடவைதான் புரட்டியது. அரை நொடி! மேனேஜர் அம்மாள் கைதட்டினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று சாயங்காலமே குட்டி என்னோடு பஸ் ஏறவில்லை. வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால், "அப்புறம், மாமா" என்று அறைக்குள் போய்விட்டாள். "பொண்ணை என்ன சொன்னீங்க?" என்று என் வீட்டுக்காரி என்னைத்தான் முறைத்தாள். நான் குடையைத் தவிர வேறெதையும் தொடவில்லையே! இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் யார் எப்போது என்ன தேடினார்கள் என்ற குறிப்பைத் திறந்தேன். மூன்றாம் கவுன்ட்டர், புதன்கிழமை, கறுப்புக் குடை, மரக் கைப்பிடி, பிடியில் பச்சைக் கயிறு. அதற்கு முந்தைய புதனும் அதே. அதற்கு முந்தையதும். நான் சரி பண்ணுவதற்கு முன் முப்பத்தொரு புதன்! ஒரு தடவையும் அப்படியொரு குடை கிடைக்கவில்லை. பியூனைக் கேட்டேன். "அதுவா? லிஃப்ட் ரிப்பேர் பண்ற தம்பி சார். புதன்கிழமை அவருக்கு லீவு. நீங்க சரி பண்ண அன்னைக்கு வந்தார், சட்டுனு இல்லேன்னு வந்திடுச்சு. முழிச்சார், என்னமோ முணுமுணுத்தார், முகம் சிவக்க ஓடிட்டார். அப்புறம் ஆளையே காணோம்" என்றான்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முப்பத்தொரு வாரம் அந்தப் பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்த நான்கு நிமிடத்தை நான் பிடுங்கியிருக்கிறேன். அழுகையே வந்தது, அக்கா. உடனே டேட்டாபேஸில் ஒரு வரி சேர்த்தேன்: மூன்றாம் கவுன்ட்டர், புதன்கிழமை, கறுப்புக் குடை என்றால் நான்கு நிமிடம் சும்மா இரு. முந்தாநாள் புதன். அந்தப் பையன் வரவில்லை. மேனேஜர் அம்மாள்தான் வந்தார், தலைமை ஆபீஸ் பெரிய அதிகாரியோடு, என் அரை நொடியைக் காட்டுவதற்கு. அத்தனை கவுன்ட்டர் இருக்க, நேராக மூன்றாவதற்கே போனார். நான்கு நிமிடம் மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதிகாரி ஐந்து தடவை கொட்டாவி விட்டார். திங்கட்கிழமை நான் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டுமாம். வேலை போனால் போகட்டும். குட்டியிடம் இப்போதைக்கு வேறு வரன் பேச்சை எடுக்காதே. ஊரிலுள்ள எல்லா லிஃப்டிலும் ஏறி இறங்கியாவது அந்தப் பையனைக் கண்டுபிடிக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். சின்னவனுக்கு என் ஆசி. பரீட்சையை நன்றாக எழுதட்டும். இந்தத் தம்பியை மன்னித்து இரண்டு வரி போடு.

உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடக் குட்டியிடம் கொடுத்தேன், கவரை ஒட்ட மறந்துவிட்டேன். நின்ற இடத்திலேயே படித்துவிட்டாள். சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. ஆகவே மேலே எழுதியது எதையும் நம்பாதே. அடுத்த வாரம் சனிக்கிழமை அவளும் அந்தப் பையனும் உன்னைப் பார்க்க வருகிறார்கள். வரும்போது ஒன்றும் தெரியாதவள் போல இரு. "பின்னே ஏன் என்கூடப் பேசல?" என்று கேட்டேன். "உங்ககிட்ட சொன்னா அன்னைக்கே அம்மாவுக்குக் கடுதாசி போயிடும்" என்றாள். "சரி, அவன் அப்படி என்னதான் முணுமுணுத்தான்?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "முப்பத்தொரு வாரம், நாலு நாலு நிமிஷம், மழை வருமா வராதான்னே பேசிட்டிருந்தார் மாமா. அரை நொடியில பதில் வந்ததும்தான், நிக்க வேற சாக்கு இல்லாம, விஷயத்துக்கு வந்தார்."