பீச்சாங்கைப் பக்கத்து வைத்தியர்

கோவளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி "தொக்கம்" என்று வாயைத் திறந்தால் போதும். மீதியைக் கேட்காமலே ஆட்டோக்காரர் உலகநாதன் கொட்டகையில் கொண்டுபோய் இறக்குவார். வயிற்றில் சிக்கிய கறி, யாரோ சோற்றில் கலந்துவைத்த மருந்து, எல்லாவற்றுக்கும் அங்கே தொக்கம் என்றுதான் பெயர். உலகநாதன் வயிற்றின் மேல் பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சுவார். கறுப்பாக ஓர் உருண்டையைத் தட்டில் துப்புவார். தோல் கிழியாது, ரத்தம் வராது. மெடிக்கல் காலேஜ்களை எதற்குத்தான் கட்டி வைத்திருக்கிறார்களோ!

ஆனாலும் மனுஷனிடம் ஒரு நியாயம் உண்டு. "சோத்தாங்கை பக்கம் வலிச்சா அப்பன்டிஸ், டாக்டராண்ட போ. பீச்சாங்கை பக்கம்னா மருந்து வச்சிகீறாங்க. அது நம்ம கேஸு." டாக்டர்களோடு வயிற்றைப் பாகம் பிரித்துக்கொண்ட ஒரே வைத்தியர் இவர்தான்.

தொண்ணூற்றெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வரிசையில் திருநாவுக்கரசும் நின்றார். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலை. கல்லூரியில் படிக்கும் மகள் வைஷாலிக்கு முந்தின நாளிலிருந்து வாந்தி, காய்ச்சல், அடிவயிற்றில் இடப்பக்கம் குத்து. அப்பென்டிக்ஸ் வலப்பக்கம் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினை. "இடப்பக்கம்தானேம்மா, ஒண்ணுமில்ல" என்று கோவளத்துக்கு அழைத்து வந்துவிட்டார்.

உலகநாதன் குழலை எடுத்தார். பெஞ்சில் சுருண்டு கிடந்த வைஷாலி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "இருங்க. எல்லா டாக்டரும் என்னை நாக்கை நீட்டச் சொல்வாங்க. இன்னிக்கு நீங்க நீட்டுங்க."

"இன்னாம்மா நீ, வாயில மந்திரம் கீது!"

"துப்ப வேணாம். காட்டினா போதும்."

கூட்டத்துக்கும் மந்திரத்தைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. "காட்டேன் அண்ணாத்த!" என்றது. உலகநாதன் திருதிருவென முழித்தார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு வாயை அகலத் திறந்தார். சுத்தமான வாய்.

"இப்ப உறிஞ்சுங்க."

உறிஞ்சினார். கன்னம் ஒட்டியது, கண் பிதுங்கியது. தட்டில் எச்சில்தான் விழுந்தது, கூடவே ஒரு பெரிய ஏப்பம். "அடப்பாவி, உருண்டைய முழுங்கிட்டான்யா!" என்று மீன்கூடையோடு நின்ற காசியம்மாள் கத்த, கொட்டகையே சிரித்தது. இன்றைய தொக்கம் உலகநாதன் வயிற்றில். எடுத்துவிடத்தான் ஆளில்லை, பாவம்.

வைஷாலியால் சிரிக்க முடியவில்லை. "செத்துடுவேன்ப்பா" என்றாள். திருநாவுக்கரசு மகளை அள்ளிப் போட்டுக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

டாக்டர் சியாமளா நெஞ்சின் இடப்பக்கம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். புருவம் சுருங்கியது. வலப்பக்கம் வைத்தார். "ஹார்ட்டு இங்க இருக்கே!" படமெடுத்துப் பார்த்தால், பிறவியிலேயே உள்ளுறுப்பெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் மாறியிருக்கிறது. அப்பென்டிக்ஸும் இடப்பக்கம், வீங்கி, வெடிக்கப் போகிற நிலையில். அன்றைக்கே ஆபரேஷன். பெண் பிழைத்துக்கொண்டாள்.

"இடப்பக்கம்னதும் நானே முடிவு பண்ணி, கோவளத்துல தொக்கம் எடுக்கிற வரிசையில கொண்டுபோய் நிறுத்திட்டேன் டாக்டர்" என்று திருநாவுக்கரசு அழுதார்.

"எனக்கும் முதல்ல குழப்பம்தான் சார். தொட்டுப் பார்த்தேன், கேட்டுப் பார்த்தேன், படமெடுத்துப் பார்த்தேன். நீங்க அங்க வரிசையை மட்டும் பார்த்தீங்க."

கொட்டகை மூடிவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? அடுத்த ஞாயிறே வரிசை நின்றது. "அந்தப் பொண்ணுக்கு உள்ள எல்லாம் மாறிகீதாம். அதான் இழுத்தும் வரல" என்று உலகநாதனுக்காக வரிசையே வக்காலத்து வாங்கியது.

அய்யாமாரே, அம்மாமாரே! அவளுக்கு உள்ளே அத்தனையும் இடம் மாறியிருந்தும் ஒழுங்காக வேலை செய்தது. உங்கள் மூளை இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது. அதற்கும் கொஞ்சம் வேலை கொடுங்கள்.