'அக்கா உதவி' திறந்த வரலாறு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் நலம். உன் மாமா நலம். கம்ப்யூட்டர் வியாழக்கிழமை காலை பதினொன்றே கால் முதல் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் நலமா என்று கேட்பது முறை, கேட்டாயிற்று. குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்பதை மட்டும் உண்மையாகவே கேட்கிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். மூன்று வாரத்துக்கு முன் சொன்னது சொன்ன உனக்கு மறந்திருக்கலாம், கேட்ட எனக்கு மறக்காது. "அக்கா, இன்னிக்கு இது பதினோராவது தடவை. நான் ஆபீஸ்ல இருக்கேன். நீ கேக்கறது எல்லாம் அந்த ஹெல்ப் ஃபைல்ல இருக்கு, ஒரு தடவையாவது திறந்து பாரு" என்றாய். அன்று நான் கூப்பிட்டது நாலே தடவை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து நாலு வருஷம் ஊருக்கே இணைப்புக் கொடுத்தவளுக்கு, தான் எத்தனை முறை கூப்பிட்டோம் என்று எண்ணத் தெரியாதா? அந்த உதவிக் கோப்பைத் திறந்து வேலையை நானே முடிக்கும்வரை உன் நம்பரைத் தொடுவதில்லை என்று உன் மாமா முன்னால் அப்போதே சபதம் எடுத்துவிட்டேன். வேலை முடிந்த பிறகும் போன் செய்யாததற்குக் காரணம், போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் முடியாது.

விஷயம் இதுதான். எங்கள் ஓய்வு பெற்றோர் சங்கத்தின் ஆண்டு மலரை எட்டு வருஷமாகப் பக்கம் கட்டுவது நான் என்பது உனக்குத் தெரியும். அதற்குத்தானே ஆறு மாதத்துக்கு முன் அந்தப் புதுப் பக்கம் வடிவமைக்கும் சாப்ட்வேரை நீயே வந்து போட்டுக்கொடுத்தாய். இந்த வருஷம் அறுபத்து நாலு பக்கம், சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் அச்சகத்தில் இருக்க வேண்டும். பதினேழாம் பக்கத்தில் எங்கள் செயலாளரின் 'நான் கடந்த பாதை' கட்டுரையை விட்டேன். "அன்று அதிகாரி என்னை நேருக்கு நேர் பார்த்து" என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது, மீதியைக் காணோம், பெட்டியின் மூலையில் சிவப்பாக ஒரு கூட்டல் குறி மட்டும் இருக்கிறது. முதலுதவிப் பெட்டியில் இருக்குமே, அந்த மாதிரி. உதவிக்கு இங்கே அழுத்து என்கிறது போலிருக்கிறது என்று நினைத்து அழுத்தினேன், மவுஸ் அம்பின் முனையில் ஏதோ ஒட்டிக்கொண்டது, பயந்து வேறு எங்கோ தொட்டேன், பொருளாளரின் படத்துக்கு மேல் செயலாளரின் கட்டுரை ஏறி உட்கார்ந்தது. அதிகாரி என்ன சொன்னார் என்பதைச் செயலாளர் இருபது வருஷமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதால் வாசகர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் விடுவாரா? "உங்களுக்குச் சிரமமா இருந்தா விட்டுடுங்க, என் மருமகன் இதே வேலைதான் பண்றாரு, அவர்கிட்ட குடுத்துடறேன்" என்றார். எட்டு வருஷ வேலை ஒரு வாக்கியத்தில் கைமாறப் பார்த்தது. பென்ஷன் வாங்குகிறவளுக்குக் காலையில் எழுந்து உட்கார ஒரு நாற்காலி வேண்டும், எனக்கு அந்த மலர்தான் நாற்காலி.

சரி, நீ சொன்னபடியே பார்ப்போம் என்று, நீ வைத்துவிட்டுப் போன ஃபோல்டரைத் தேடி உதவிக் கோப்பை முதல்முறையாகத் திறந்தேன். ஆறு மாதமாக ஏன் திறக்கவில்லை என்று கேட்காதே, நீ இருக்கும்போது அது எதற்கு? திறந்தால், இடப்பக்கம் தலைப்புகள் வரிசையாக, நம் சொந்தக்காரர்கள் பட்டியல் போல நீளமாக இருக்கிறது. ஒன்றைத் தொட்டால் வலப்பக்கம் வெள்ளை. 'இந்தப் பக்கத்தைக் காட்ட இயலவில்லை.' இன்னொன்றைத் தொட்டேன், அதே பதில். பேருக்கு எல்லாரும் இருக்கிறார்கள், அவசரத்துக்கு ஒருவரும் வரவில்லை. உன் மாமா வந்து பார்த்தார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் அல்லவா, "எல்லாத்தையும் ஒரு தடவை இறக்கி ஏத்து" என்றார். அணைத்துப் போட்டேன், அதே வெள்ளை. கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டி, அதிலிருந்து விழுந்த பிஸ்கட் தூளைப் பார்த்துவிட்டு, மிஷினுக்கு வயசாயிடுச்சு என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அதற்குள் செயலாளரின் மருமகன் அழைக்காமலே வந்து, "ஹெல்ப் எல்லாம் யாரு ஆன்ட்டி படிக்கறாங்க, அந்த ஃபோல்டரையே டிலீட் பண்ணிடுங்க" என்றார். ஆன்ட்டியாம். அவருக்கு முன்வழுக்கை, தம்பி.

அந்த ஆன்ட்டிதான் எனக்கு ரோஷத்தைக் கொடுத்தது. வியாழக்கிழமை காலை குளித்துவிட்டு உட்கார்ந்தேன். லைன் கிடைக்கவில்லை என்றால் நாங்கள் என்ன செய்வோம்? போனைப் போட்டு உடைக்க மாட்டோம். இந்தத் துண்டு சரியா, அடுத்த துண்டு சரியா என்று பார்த்துக்கொண்டே போவோம், எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே நிற்போம். அதே மாதிரி உதவிக் கோப்பை நகல் எடுத்து முகப்புத் திரையில் போட்டேன். திறந்தது. வலப்பக்கம் முழுக்க எழுத்து, படம், அம்புக்குறி. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். சங்க மலர் ஃபோல்டரில் போட்டேன், திறந்தது. பழைய இடத்தில் போட்டேன், வெள்ளை. ஆக, கோப்பில் குற்றமில்லை, அது குடியிருக்கும் வீட்டில் குற்றம். வீட்டின் பெயரைப் பார்த்தேன். '#அக்கா உதவி.'

போனில் இருக்கும் அந்த '#' பட்டன் எனக்கு இன்று நேற்றுப் பழக்கமா? நம்பரை எல்லாம் அழுத்திவிட்டுக் கடைசியில் அதை அழுத்தினால், இத்தோடு நம்பர் முடிந்தது என்று அர்த்தம். உதவிக் கோப்பும் தன் விலாசத்தை அப்படித்தான் படிக்கிறது. '#' வந்ததும் விலாசம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பாதித் தெருவில் நின்றுகொண்டு, வீட்டைக் காணோம் என்கிறது. '#' குறியை எடுத்தேன், திறந்தது. திரும்பப் போட்டேன், வெள்ளை. உன் மாமாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டு மூன்று முறை செய்துகாட்டினேன். "ஏறின இடமும் சரி, எறங்கற இடமும் சரி, நடுவுல ஒருத்தன் டிக்கெட் இல்லாம நின்னிருக்கான்" என்றார். அவர் வாயிலிருந்து இவ்வளவு பெரிய பாராட்டை நான் இதுவரை கேட்டதில்லை.

உதவிக் கோப்பு ஒரே வரியில் சொல்லிவிட்டது. பெட்டிக்குள் அடங்காத எழுத்து மீதி இருக்கிறது என்பதற்கு அடையாளம்தான் சிவப்புக் கூட்டல் குறி, அதைத் தொட்டு, அடுத்த பெட்டியில் விட வேண்டும். விட்டேன். செயலாளர் பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்று ஓடி இருபத்தோராம் பக்கத்தில் ஓய்ந்தார். சனிக்கிழமை பதினொன்று ஐம்பதுக்கு மலர் அச்சகத்துக்குப் போயாயிற்று. இனிமேல்தான் முக்கியமான விஷயம். அன்று மாலையே செயலாளரின் மருமகன் போன் செய்தார். "மேடம், என் மிஷின்லயும் ரொம்ப நாளா ஹெல்ப் வெள்ளையாத்தான் வருது. மாமா சொன்னாரு, நீங்க சரி பண்ணிட்டீங்களாமே." மேடம், கவனி. ஃபோல்டர் பெயர் என்ன என்று கேட்டேன். '#1 அவசரம்' என்றார். நான் உடனே சொல்லவில்லை, "லைன்லயே இருங்க" என்று சொல்லிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து வந்துதான் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் என்னைச் சங்கத்தின் தொழில்நுட்ப ஆலோசகராக அறிவிக்கப் போகிறார்களாம்.

ஆகவே தம்பி, கம்ப்யூட்டர் கம்பெனியில் பதினாலு வருஷம் இருக்கும் நீ, ஃபோல்டர் பெயரில் '#' போட்டுவிட்டுப் போனாய். அதை எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர் கண்டுபிடித்தாள். எனக்குக் கோபம் இல்லை. நீ உன் மனைவி காதில் விழும்படி, "தப்பு என்னோடதுதான், அக்காவுக்கு எல்லாம் தெரியும்" என்று ஒருமுறை சொன்னால் போதும். கூடவே, பதினொன்று அல்ல, நாலு என்பதையும் திருத்திச் சொல்லிவிடு.

நீயும் உன் குடும்பமும் தட்டிய கதவும் தொட்ட கோப்பும் உடனே திறக்கும்படி வாழ, மூத்தவளான என் ஆசிகள். குழந்தைக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம்.

உன் அன்புள்ள அக்கா,
தொழில்நுட்ப ஆலோசகர் (அறிவிப்பு நிலுவையில்)

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் உன் மாமா கடிதத்தை வாங்கிப் படித்தார். என் போன் நோட்டை எடுத்து வந்து இரண்டு பக்கங்களைப் பிரித்து வைத்தார். நான் எல்லாவற்றையும் அதில் எழுதுவேன், எக்ஸ்சேஞ்ச் பழக்கம். முதல் பக்கத்தில், நீ ஊருக்குக் கிளம்பிய அன்று என் கையெழுத்தில் இருக்கிறது: 'தம்பி வைத்த "அக்கா உதவி" பட்டியலில் அடியில் கிடக்கிறது. மேலே வரட்டும் என்று முன்னால் # போட்டேன். நன்றாக வந்தது.' இரண்டாவது பக்கம் மூன்று வாரத்துக்கு முந்தையது. அன்று உன்னைக் கூப்பிட்டது நாலும் இல்லை, பதினொன்றும் இல்லை. பதினாலு. மூன்றை நீயே விட்டுக்கொடுத்திருக்கிறாய், எனக்குத் தெரியவில்லை.

கடிதத்தைக் கிழித்திருப்பேன், இவ்வளவையும் திரும்ப எழுதக் கை வலிக்கிறது. மனைவி முன்னால் ஒன்றும் சொல்ல வேண்டாம். சபதம் முடிந்துவிட்டது, ஆனாலும் நீயே ஒருதரம் கூப்பிடு, இந்த வீட்டில் மூன்று வாரமாக போன் மணி சரியாகவே அடிக்கவில்லை. அதை நோட்டில் எழுத மாட்டேன்.