எட்டில் வைத்த திருகு

"மறுபடியும் அஞ்சு!"

விறகுக் கொட்டகையில் மண்டியிட்டு, பனிச்சறுக்குப் பலகையில் காலணியைப் பூட்டும் பைண்டிங்கை முறைத்தான் வெண்டலின். மலை ஏறும்போது குதிகாலை விட்டுவிடும், இறங்கும்போது கவ்விக்கொள்ளும். தன் தொண்ணூற்றைந்து கிலோ உடம்பைத் தாங்க, திருகை நேற்றுதான் எட்டாம் எண்ணில் இறுக்கியிருந்தான். இப்போது ஐந்து. குதிகாலைப் பிடிக்கும் துண்டும், ஏதோ சின்னக் காலுக்கு வைத்தது போல, இரண்டு விரல் முன்னே நகர்ந்திருந்தது.

போன ஞாயிறு திருகைப் பார்க்காமல், குதிகால் துண்டை மட்டும் சரிசெய்துகொண்டு கிளம்பினான். இறக்கத்தில் பலகை கழன்றது. மலையேற்றச் சங்கமே பார்க்க உருண்டான். பக்கத்து வீட்டு கேப்ஹார்ட்தான் அதிகம் சிரித்தான். சனிக்கிழமை சங்க வழிகாட்டித் தேர்தல். பதினொரு வருடமாக வெண்டலின் கண்வைத்திருந்த பதவிக்கு, கேப்ஹார்ட்டும் நிற்கிறான்.

"அவன் வேலைதான், நோட்புர்கா!"

"அவனுக்கு வேற வேலை இல்லையா?" என்றாள் மனைவி. "சூப்பைக் குடி, ஆறுது."

திருகை எட்டில் இறுக்கி, கொட்டகைக்குப் பூட்டுப் போட்டான். மறுநாளும் ஐந்து. மறுபடி இறுக்கி, பலகையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுத் தபால் நிலைய வேலைக்குப் போனான். சாயங்காலம் குனிந்து பார்த்தால், ஐந்து.

வெண்டலினுக்கு வியர்த்தது. படுக்கையறை வரைக்குமா?

மனைவியை உற்றுப் பார்த்தான். "கன்னம் ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"

"அடுப்புகிட்ட நின்னேன்."

"மூக்குத் தோல் உரிஞ்சிருக்கே?"

"பெரிய அடுப்பு."

சூப்பில் போட ரொட்டி உருண்டை பிடித்தபடி ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பாடி அவன் கேட்டதே இல்லை.

சனிக்கிழமை, மதுக்கடையில் சங்கக் கூட்டம். வெண்டலின் நாற்காலி சாய எழுந்தான்.

"என் பைண்டிங்ல கை வச்ச ஆளு இந்த ஊருக்கு வழிகாட்டியா வரக் கூடாது! யாருன்னு தெரியும். நான் வேலைக்குப் போற நேரம் பார்த்து, என் கட்டிலடி வரைக்கும் வந்திருக்கான். கேப்ஹார்ட், உன்னைத்தான்டா!"

கேப்ஹார்ட்டின் வாயிலிருந்த பீர் மேஜையில் தெறித்தது. "உன் கட்டிலுக்கா? பைத்தியமாடா உனக்கு? எனக்குப் பதவியே வேணாம், நீயே வச்சுக்க!"

வெண்டலின் மீசையை நீவியபடி உட்கார்ந்தான். ஏனோ நோட்புர்கா மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கத் தலைவி அஃப்ரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கடிதத்தைப் பிரித்தாள்.

"அப்போ வெண்டலினுக்கும், பேர் கொடுத்திருக்கிற அவன் பெண்டாட்டிக்கும்தான் போட்டி. வழிகாட்டிப் பரீட்சையில அவதான் முதலிடமாம். ஏன் நோட்புர்கா, உனக்குன்னு ஒரு ஜோடி பலகை கிடையாதே, இத்தனை நாள் எதுலடி பழகினே?"