அழைப்பிதழின் அடிவரி

நடைமுறைகளை ஒன்றுவிடாமல் பின்பற்றுகிறவனால்தான் ஒரு காரியத்தை முழுமையாகக் கெடுக்க முடியும். ஒழுங்கில்லாதவன் நடுவில் எதையாவது மறந்து தப்பித்துவிடுவான். நான் மறப்பதில்லை. என் மகள் வித்யாவின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது அதனால்தான்.

வேலையில் இருந்த காலமெல்லாம் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் இருந்தேன். ஒரு திருகாணியின் அளவு மாறினாலும் வரைபடத்தின் மூலையில் திருத்த எண், தேதி, காரணம் மூன்றும் ஏற வேண்டும். காரணம் என்ற இடத்தில் 'தேவைப்பட்டது' என்று எழுதி வருகிறவர்களிடம் உண்மையை எழுதய்யா என்பேன். (இதற்காக எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அச்சில் ஏறாது.)

ஓய்வுபெற்று செம்பாக்கம் வீட்டில் உட்கார்ந்த பிறகு, திருத்துவதற்கு மனைவியைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை. அவள் திருத்தங்களை ஏற்பதில்லை. ஆகவே கணினியில் அச்சுக்கோக்கக் கற்றேன். கூடவே, திருத்தங்களைப் பதிப்பு வாரியாகக் கணக்கு வைக்கும் வெர்ஷன் கன்ட்ரோல். ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கும்போது, என்ன மாற்றினாய், ஏன் என்று அது கேட்கும். ஒரு வரி எழுதினால்தான் விடும். அந்த வரி, பதிப்பு எண்ணோடு, பக்கத்தின் அடியில் தானாகவே வந்து விழும்படி செய்யலாம் என்று தெரிந்த அன்று எனக்கு இரண்டாம் இளமை திரும்பியது.

வித்யாவின் கல்யாணப் பத்திரிகையை நானே அச்சுக்கோப்பேன் என்று அறிவித்தேன்.

"அப்பா, எல்லாரும் கடையில டிசைன் பாத்துக் குடுத்துடறாங்க" என்றாள்.

கடைக்காரரிடம் பதிப்பு எண் உண்டா என்று கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள், நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பத்திரிகை வாட்ஸ்அப்பில் இரண்டு வீட்டுக்கும் போய்ப் போய் வந்தது. யார் எந்தப் பிரதியைப் பார்த்துப் பிழை சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்க என் அடிவரி மிகவும் உதவியது. எறும்பளவு எழுத்து என்பதால் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. கடைசிப் பிரதியிலும் அது இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன். எது இறுதியானது என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா?

அச்சுக்குப் போகும் நாளன்று அஸ்தினாபுரத்திலிருந்து சம்பந்தி போன் செய்தார். தன் தம்பியின் பெயருக்குப் பின்னால் பட்டம் போட வேண்டுமாம். அதற்கு முன்பே அந்தத் தம்பிக்காகப் பெயரைச் சேர்த்து, இடத்தை மாற்றி, இனிஷியலைத் திருத்தியிருந்தேன். பட்டத்தையும் போட்டேன். ஒரு பிரதி எடுத்து வரிவரியாகச் சரிபார்த்தேன். அடியில் 'பதிப்பு 9. காரணம்: எழுத்துப் பிழை' என்று சாதுவாக இருந்தது. அது முந்தைய மாற்றத்துக்கான வரி. பிறகு சேமித்தேன். ஏன் என்று கேட்டது. உண்மையை எழுதினேன். புதிதாக உருவான பத்திரிகையைத் திறந்துகூடப் பார்க்காமல் இரும்புலியூர் அச்சகத்துக்கு அனுப்பினேன். சரிபார்த்தது ஒன்று, அனுப்பியது இன்னொன்று. வேறொருவன் இதைச் செய்திருந்தால் மெமோ கொடுத்திருப்பேன்.

முதல் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்து சம்பந்தி வீட்டில் கொடுத்தோம். மாப்பிள்ளையின் சித்தப்பாவும் இருந்தார். பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தையும் விடாமல் படிக்கும் ஜாதி. பட்டத்தைப் பார்த்துத் தலையசைத்தார். விரல் கீழே இறங்கியது. உரக்கப் படித்தார்:

"பதிப்பு பத்து. காரணம்: மாப்பிள்ளையின் சித்தப்பா தொல்லை தாங்கவில்லை."

அப்போதாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மாறாக, வெர்ஷன் கன்ட்ரோல் என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தேன். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். அந்த வரி வெளியே தெரியும் என்று எதிர்பார்க்கவில்லை என்று சொல்லி முடித்தேன்.

"அப்ப எழுதினது சரி, அச்சானதுதான் தப்பு. அப்படித்தானே சார்?" என்றார் சித்தப்பா.

என் சர்வீஸில் எந்த ஆடிட்டரும் இவ்வளவு கச்சிதமாகக் கேட்டதில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சம்பந்தி நிதானமாகச் சொன்னார்: "என் பையனைத் தூக்கி வளத்தவன் சார் அவன். அவன் வரலைன்னா நாங்க யாரும் மண்டபத்துக்கு வரல."

வீடு திரும்பியதும் வித்யா ஒன்றே ஒன்று கேட்டாள். "மன்னிப்புக் கேக்க ஏதாவது புரொசீஜர் இருக்காப்பா? இல்ல நான் எழுதித் தரட்டுமா?"

மறுநாள் காலை சித்தப்பா வீட்டுக்குத் தனியாகப் போனேன். விளக்கம் எதுவும் சொல்லாமல், தப்பு என்னுடையது, குழந்தை மேல் கோபம் வேண்டாம் என்றேன். அவர் காபி வரவழைத்தார். நான் குடித்து முடித்ததும் சொன்னார்:

"நான் வரேன் சார். ஆனா பத்திரிகைய மறுபடி அடிங்க. அடில அந்த வரி இருக்கணும். காரணத்த நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

வீட்டுக்குப் போய் மடிக்கணினியை எடுத்து வந்து அவர் எதிரிலேயே திறந்தேன். நிறுத்தி நிறுத்தி, காற்புள்ளியோடு சொன்னார். 'பதிப்பு 11. காரணம்: பெண்ணின் தகப்பனார் படித்தவர், யோசிக்காதவர்.' சேமித்தேன்.

"இப்ப ஒருதடவ தெறந்து பாத்துடுங்க" என்றார்.

கல்யாணம் நடந்தது. தாம்பரம் மண்டபத்துக்கு வந்தவர்கள் வாழ்த்திய கையோடு, அந்தத் தகப்பனார் நீங்கள்தானா என்று விசாரித்துவிட்டுப் பந்திக்குப் போனார்கள். இப்போது இரண்டு குடும்பத்திலும் எந்த விசேஷம் வந்தாலும் பத்திரிகையை அச்சுக்கோப்பது நான். காரணம் எழுதும் அதிகாரம் சித்தப்பாவுடையது; ஆட்சேபிக்க எனக்கு உரிமை கிடையாது. போன மாதம் பேத்திக்குக் காதுகுத்து. அவர் அனுப்பிய வரி: 'பதிப்பு 3. காரணம்: தாத்தா இன்னும் அடங்கவில்லை.'

குழந்தை அழுததைவிட, வந்தவர்கள் சிரித்த சத்தம்தான் வீடியோவில் அதிகம் கேட்கிறது என்கிறாள் வித்யா.