சேற்றுக்குள் ஒரு பெண் பார்க்கும் படலம்

எனக்கு வேட்டி கட்டத் தெரியாது. மதுரைக்காரன் வெளியில் சொல்லக்கூடாத விஷயம்தான். முப்பது வயது வரை பேண்ட்டிலேயே காலத்தை ஓட்டிவிட்ட என்னை, ஒரு இசைத் திருவிழா ஊரறிய அம்பலப்படுத்திவிட்டது.

அப்போது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோயிலில் பார்க்கலாம், ஓட்டலில் பார்க்கலாம் என்று அம்மா சொன்ன எதற்கும் மஞ்சு (அதுதான் பெண்) ஒத்துக்கொள்ளவில்லை. "பத்து நிமிசம் காப்பி குடிக்கிறதுல என்னத்தத் தெரிஞ்சுக்கிறது? ஒத்தக்கடை தாண்டி மைதானத்துல பாட்டுத் திருவிழா நடக்குது. நானும் அப்பாவும் போறோம். அவரையும் வரச் சொல்லுங்க" என்றாளாம். போட்டோவைப் பார்த்ததுமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. பாக்கி இருந்தது அவள் பதில் மட்டும்தான்.

பெண்ணின் அப்பா டயர் கடை வைத்திருக்கிறார், வேட்டி கட்டிய பையன் என்றால் அவருக்கு உயிர் என்று தரகர் சொல்லியிருந்தார். உடனே இடுப்பில் ஒட்டுப்பட்டை வைத்த ரெடிமேட் வேட்டி ஒன்றை வாங்கி ஒட்டிக்கொண்டு, கே.கே. நகரிலிருந்து வெள்ளை வெளேரென்று போய் இறங்கினேன். அவர் ஜீன்ஸில் வந்திருந்தார். (தரகரை அப்புறம் கவனித்துக்கொண்டேன்.) "வாங்க தம்பி" என்றார். இவர் வாயால் 'மாப்ள' என்று கூப்பிட வைக்காமல் திரும்புவதில்லை என்று மனசுக்குள் சபதம் போட்டேன்.

மேடையில் மூன்றாவது பாட்டு முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சனங்கள் அலட்டிக்கொள்ளவே இல்லை. உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் சேரைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றபடியே கேட்டார்கள். சேருக்கு இப்படியொரு உபயோகம் இருப்பதை அன்றுதான் கற்றேன். நானும் ஒன்றைத் தூக்கி, மஞ்சுவின் தலைக்கு மேல் இரண்டு கையாலும் பிடித்தேன். அவள் சிரித்தாள். அந்த ஒரு சிரிப்புக்கே நான் மனசுக்குள் கல்யாண மண்டபம் புக் பண்ணிவிட்டேன்.

காலுக்குக் கீழே களிமண் குழைந்துகொண்டிருந்தது. நனைந்து கனத்துப்போன வேட்டியின் ஒட்டு மெல்லப் பிரிவது தெரிந்தது. சேரை விட்டால் பெண் நனைவாள், விடாவிட்டால் மானம் போகும். நான் யோசித்து முடிப்பதற்குள் வேட்டியே முடிவெடுத்துவிட்டது. சேரை அவள் கையில் திணித்துவிட்டுக் குனிந்தேன், கால் வழுக்கியது, குப்புற விழுந்தேன். எழுந்தேன். மறுபடியும் விழுந்தேன். (உள்ளே அரை டவுசர் போட்டிருந்தேன், குலதெய்வம் காப்பாற்றியது.) ஒட்டுப்பட்டை முழுக்கச் சேறு. எத்தனை தடவை அழுத்தினாலும் ஒட்டமாட்டேன் என்றது.

பக்கத்தில் நின்ற ஒருவர் படம் எடுக்கச் செல்போனைத் தூக்கினார். "அண்ணே, போனை உள்ள வைங்க" என்றார் மஞ்சுவின் அப்பா. சத்தமே போடவில்லை, ஆனால் போன் உள்ளே போய்விட்டது. பிறகு தன் பெல்ட்டை உருவி, "கையத் தூக்குங்க தம்பி" என்று என் வேட்டிக்கு மேல் சுற்றி இறுக்கி மாட்டிவிட்டார். மிச்சக் கச்சேரி முழுக்க அந்த மனுசன் தன் ஜீன்ஸை ஒரு கையால் பிடித்தபடியே நின்றார். அதை நினைத்தால் இன்றைக்கும் அவர் காலில் விழலாம் போலிருக்கிறது. (விழுவதில்தான் எனக்கு நல்ல பழக்கம் இருக்கிறதே.)

வீட்டுக்கு வந்து, எல்லாம் போச்சு என்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"வீடு போய்ச் சேந்துட்டீகளா மாப்ள?"

போனைக் கையில் பிடித்தபடியே அம்மாவிடம் சொல்ல அடுப்படிக்கு ஓடினேன். அவர்தான் பாவம், சிக்னல் இல்லையோ என்று 'ஹலோ, ஹலோ' என்று கத்திக்கொண்டிருந்தார்.

இப்போதும் சொந்தத்தில் யாருக்குப் பெண் பார்க்கப் போனாலும் மஞ்சு இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. "அம்புட்டுப் பேரு முன்னாடி விழுந்தாரு. யாரையும் ஒரு வார்த்தை வையல. மழையத் திட்டல, கச்சேரி வச்சவங்களத் திட்டல. அந்தக் குணத்துக்குத்தான் சரின்னேன்" என்பாள். எல்லோரும் என்னை மரியாதையோடு பார்ப்பார்கள். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன்.

திட்டத்தான் பார்த்தேன். வாய் நிறையச் சேறு.