அப்பா உறிஞ்சும் ஓசை

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் நலம். அங்கேயும் அப்படியே என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். நேரமில்லை.

கண்டுபிடித்துவிட்டேன்.

அக்கா பாட, நான் டிரம்ஸ் வாசிக்க, ஞாயிறன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் முதல் ஒலிப்பதிவு. புதுச் சிம்பல் வாங்கியிருக்கிறேன். அகன்ற வெண்கலத் தட்டு. கடையில் விரிந்து விரிந்து கேட்ட ஓசை, ஒத்திகையில் 'டப்' என்று செத்தது.

"சட்டியத் தட்டற மாதிரி இருக்கு," என்றாள் அக்கா. "ஞாயித்துக்கிழமையும் இப்படித்தான்னா, கம்ப்யூட்டரே வாசிக்கட்டும். அது சோறும் கேக்காது."

தட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன், கடைக்காரர் அதே ரகத்தில் இருந்ததையெல்லாம் வரிசையாக மாட்டி அடிக்க நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், ஒரே அச்சு ஒரே எடை என்கிறார்கள் ஆனால் ஒன்று கண்ணாடியாகச் சிதறியது, ஒன்று தும்மியது, ஒன்று மட்டும் மழை விட்ட பிறகும் சொட்டுகிற கூரைபோல நின்று நிதானமாக அடங்கியது, இதுதான் இதுதான் என்று குதித்துக் கண்ணைத் திறந்தால், அது நான் திருப்பிக் கொடுக்கக் கொண்டுபோன அதே தட்டு.

"தம்பி, கோளாறு தட்டுல இல்ல. உங்க வீட்டுல," என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து, தட்டைத் தாங்கியில் மாட்டி, வழக்கம்போல ஆடி விழாதபடி அதன் மேல் திருகைக் குறடு போட்டு இறுக்கி, ஆராய்ச்சியைத் தொடங்கினேன். திரைச்சீலையைக் கழற்றினேன். டப். மெத்தைகளை மொட்டைமாடிக்கு ஏற்றினேன். டப். சோபாவை வெளியே தள்ளினேன். டப். கடைசியில் வெறும் சுவர். நாற்காலியில் செய்தித்தாளோடு அப்பா.

மிருதுவான, பருத்த பொருள்கள் ஓசையை உறிஞ்சும். இது அறிவியல். அப்பாவின் தொப்பை உங்களுக்குத் தெரியும்.

ஆகவே மாமா, ஞாயிறு முடியும்வரை அவரை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் இருவரும் எலியும் பூனையும்தான். பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். "உங்க மாமன் வீட்டுக்கா? அதுக்கு நான் பரண்ல ஏறிப் படுத்துக்கறேன்," என்கிறார். நீங்களே வந்து கூப்பிடுங்கள். சீட்டாட்டத்தில் ஜெயிக்க விடுங்கள். என் எதிர்காலம் உங்கள் கையில்.

அத்தைக்கு அன்பு. வாண்டுகளுக்கு முத்தம்.

நம்பிக்கையோடு,
உங்கள் அக்கா மகன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. தட்டைக் கழற்றிப் பரணில் போடுகிறேன் என்று அப்பா கிளம்பினார். திருகைப் பாதி தளர்த்தும்போது முழங்கை தட்டில் பட்டது. ஓசை கூடம் முழுக்க விரிந்தது. அடங்கவே இல்லை. அக்கா ஓடிவந்தாள். திருகைப் பார்த்தாள். குறட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"கழுத்த நெரிச்சுப் புடிச்சா எதுடா பாடும்?"

கம்ப்யூட்டரை மூடிவிட்டாள். ஞாயிறன்று நான்தான் வாசிக்கிறேன், மாமா. அப்பா அதே நாற்காலியில் இருப்பாராம். அவர் அங்கே வரவேண்டியதில்லை. ஆனால் வெளியே நல்ல மழை, மெத்தைகள் இன்னும் மொட்டைமாடியில். நான் வரலாமா?